ராயப்பேட்டை ஆஸ்பத்திரி ஸ்டாப்பிங்கில் நடைபெறும் இலவச மருத்துவம்: ஒரு முதற்கட்ட ஆய்வு

ராயப்பேட்டை அரசு மருத்துவமனையில் நோயாளிகளைப் பார்ப்பது உள்ளேதான் என்பது பொதுநம்பிக்கை. கோபாலபுரத்திலிருந்து பொடிநடையாக வந்து அங்கே பஸ்ஸுக்கு நிற்பவர் எவரும் இதை ஏற்கமாட்டார். உள்ளே கிடைப்பது முதல் கருத்து. தீர்ப்பு வெளியே, ஸ்டாப்பிங்கில்.

ஆய்வு முறை எளிது. பெரிய கவரோடு வருபவர் பக்கத்தில் போய் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

"காலா?"

"முட்டிங்க."

"குடுங்க, பாப்போம்."

முன்பின் தெரியாத ஒருவர் எக்ஸ்ரேயை உருவி, கையை நீட்டி, வெயிலுக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடுகிறார். படம் தலைகீழாக இருக்கலாம். துறையில் அதைப் பொருட்படுத்துவதில்லை. "தேய்மானம்." எந்த எலும்பானாலும் தேய்மானம்தான். "ஆபரேஷன்னாங்களா? அவசரப்படாதீங்க. எங்க மச்சானுக்கும் இதே முட்டிதான்." டிபன் கேரியரோடு நிற்கும் அம்மாள் பிரண்டைத் துவையலை முன்மொழிகிறார். எதிர்ப்பில்லை. பஸ் வந்துவிட்டால் நிபுணர் படியில் தொற்றியபடியே மருத்துவத்தை முடிக்கிறார்: "உப்பக் கொறச்சுக்குங்க!" முட்டிக்கும் உப்புக்கும் என்ன தொடர்பு என்பது தனி ஆய்வுக்குரியது.

இதன் வரலாறு ஆழமானது. சென்னையில் மின்சார ட்ராம் ஓடத் தொடங்கியது 1895 மே மாதம். ஜெர்மனியில் ராண்ட்கன் எக்ஸ்ரே கதிரைக் கண்டது அதே ஆண்டு நவம்பரில். இதைத் தற்செயல் என்று தள்ளிவிட இவ்வாய்வாளருக்கு மனம் வரவில்லை. 1911இல் ஆஸ்பத்திரி வந்தபோது ட்ராமுக்கு வயது 16. ராயப்பேட்டை வழியாக மயிலாப்பூருக்கு ஆடி அசைந்து போன அந்த வண்டி வரும்வரை ஒரு குடும்பத்துக்கே வைத்தியம் சொல்லியிருக்கலாம். 1953 ஏப்ரலில் ட்ராம் நின்றது. பஸ் அந்தக் குறையைத் தீர்த்துவைத்தது. வராத பஸ்தான் இத்துறையின் ஆலோசனை நேரம்.

துறையின் பொற்காலம் 1967 ஜனவரி 12. சுடப்பட்ட எம்.ஜி.ஆரையும் எம்.ஆர். ராதாவையும் முதலில் கொண்டுவந்தது இங்கேதான், பிறகுதான் ஜி.எச். அன்று வாசலில் திரண்ட கூட்டத்தில், குண்டை எப்படி எடுக்க வேண்டும் என்று சொல்லத் தெரியாதவர் ஒருவராவது இருந்திருப்பாரா?

கோபாலபுரத்துக்கே ஓர் ஆஸ்பத்திரி வரக்கூடும். நான்காவது தெருவிலுள்ள தம் வீட்டைத் தமக்கும் மனைவிக்கும் பின் ஏழைகளுக்கான மருத்துவமனையாக்க 2010இல் கருணாநிதி எழுதிவைத்தார். அந்தத் தெருவில் பஸ் நுழையாது. ஆகவே அங்கே ஆலோசனை நேரம் எல்லையற்றது.

கவலை தருவது மெட்ரோதான். மாதவரம்–சிப்காட் தடத்தில் ஆஸ்பத்திரிக்கு அருகே நிலையம் பூமிக்கடியில் வருகிறது. வண்டி சில நிமிடத்துக்கு ஒன்று வந்துவிடும், ஓட்டுநரும் கிடையாது. "கொஞ்சம் இருப்பா, அம்மா ஏறட்டும்" என்று யாரிடம் சொல்வது? எல்லாவற்றுக்கும் மேலாக, கீழே வெயில் இல்லை. எக்ஸ்ரேயை எதில் பிடித்துப் பார்ப்பது? உள்ளே விளக்கெரியும் விளம்பரப் பலகைகள் பிளாட்பாரத்தில் எப்படியும் வரும். அவற்றில் ஒன்றை மட்டும், ஆள் உயரத்தில், எதையும் ஒட்டாமல் வெள்ளையாக விட்டுவைக்குமாறு மெட்ரோ நிறுவனத்தை இக்கட்டுரை கேட்டுக்கொள்கிறது. பக்கத்தில் இரண்டு பேர் எட்டிப் பார்க்க இடம் வேண்டும்.