ஓரிரவு இருக்கை: அலுவலகப் பிரிண்டர் குறித்த ஓர் ஆராய்ச்சி

1. பாயிரம்

காஞ்சிபுரத்துக்குத் தெற்கே, பாலாற்றை நோக்கிப் போகும் வழியில் இருக்கும் ஓரிக்கைக்குப் பெயர் வந்த கதை ஊரறிந்தது. தன்னைப் பாடும்படி பல்லவ மன்னன் கணிகண்ணனிடம் கேட்டான். அவர் மறுத்தார். ஊரை விட்டுப் போகச் சொன்னான். சீடரோடு குரு திருமழிசையாழ்வாரும் கிளம்பினார். கிளம்பும்போது பெருமாளையும் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு கூட வரச் சொன்னார். மூவரும் ஓரிரவு தங்கிய இடம் ‘ஓரிரவு இருக்கை’. அது தேய்ந்து ஓரிக்கை ஆயிற்று. மன்னன் வந்து மன்னிப்புக் கேட்க, எல்லோரும் திரும்பினார்கள். சொல் கேட்டு நடந்ததால் அவர் ‘சொன்ன வண்ணம் செய்த பெருமாள்’. போய்வந்ததற்கு அடையாளமாக இன்றும் காஞ்சியில் இடவலம் மாறிப் படுத்திருக்கிறார்.

பக்தர்கள் இக்கதையைக் கேட்டுக் கைகூப்புவார்கள். அலுவலகத்துப் பிரிண்டரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு தலையில் விழுந்த ஒருவர் கேட்டால் வேறு பொருள்கள் புலப்படும். சொன்ன வண்ணம் செய்தல் முதலாவது. கறுப்பு எழுத்துக் கடிதத்துக்கும் மூன்று நிற மையைக் கலந்து கறுப்புக் காட்டும் இங்க்ஜெட்டுகள் உலகில் உண்டு. அவற்றுக்கு வண்ணம் தெரியும், சொன்னதுதான் தெரியாது. சுருட்டிக்கொள்ளுதல் இரண்டாவது, இதைப் ‘பேப்பர் ஜாம்’ என்பர் பிற்காலத்தார். மூன்றாவது, ஓரிரவு பொறுத்தல். இக்கட்டுரையின் துணிபு அதுவே. அங்கே போகும் முன் முன்னோர் வழியைப் பார்ப்பது ஆய்வு மரபு.

2. முன்னோர் வழி

அச்சுச் செலவைக் குறைக்கத் தமிழ் மண்ணில் நடந்த பழைய முயற்சி ஒன்று தரங்கம்பாடியில் கிடைக்கிறது. டேனிஷ் மிஷனின் சீகன்பால்கு அங்கே அச்சகம் வைத்தபோது, ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தமிழ் எழுத்துகளை வார்த்து அனுப்பினார்கள். எழுத்து பெரிது. காகிதமோ கப்பலில் வரவேண்டும். அந்த அளவில் புதிய ஏற்பாட்டை அடித்தால் காகிதம் கட்டுப்படியாகாது. ஆகவே தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்தாக வார்க்க முடிவு செய்தார்கள். ஈயத்துக்கு எங்கே போவது? இங்கிலாந்திலிருந்து வந்த செஷயர் பாலாடைக்கட்டியை மூடியிருந்த ஈயத்தை உருக்கினார்கள். புதிய ஏற்பாடு 1715இல் அச்சாகி முடிந்தது. பக்கத்துப் பொறையாற்றில் ஒரு காகித ஆலையும் வைத்துப் பார்த்தார்கள்.

எழுத்தைச் சிறிதாக்கு, இருப்பை எண்ணு, உள்ளூரில் செய், டப்பாவைக் கூடத் தூக்கி எறியாதே. இன்றைய ஆலோசகர் ஒருவர் கோட்டு மாட்டிக்கொண்டு வந்து ஒரு மணி நேரம் படம் காட்டிச் சொல்வதும் இந்த நான்கைத்தான்.

சுமார் 300 ஆண்டு கழித்து அமெரிக்காவுக்கும் இந்த யோசனை வந்தது. 2010இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் கிரீன் பே வளாகம், மின்னஞ்சலின் இயல்பு எழுத்தை ஏரியலிலிருந்து செஞ்சுரி காதிக்குக்கு மாற்றியது. அது ஏறக்குறைய 30 சதவீதம் குறைவாக மை குடிக்கும் என்பது கணக்கு. ஆனால் அந்த எழுத்து மெலிந்தது மட்டுமன்று, அகலமானதும்கூட. மை குறைந்த இடத்தில் பக்கம் கூடிவிடக்கூடும். 2014இல் 14 வயது மாணவர் ஒருவர், அரசு அலுவலகங்கள் எல்லாம் காரமாண்ட் எழுத்துக்கு மாறினால் பல கோடி டாலர் மிச்சம் என்று கணக்குப் போட்டுப் புகழ்பெற்றார். எழுத்துரு வல்லுநர்கள் உடனே குறுக்கிட்டார்கள்: 12 புள்ளி காரமாண்ட் என்பது 12 புள்ளி டைம்ஸை விடப் பார்வைக்கே சிறியது, மிச்சம் பிடித்தது எழுத்தின் வடிவம் அன்று, அளவு. பாலாடைக்கட்டி ஈயத்தை உருக்கியவர்கள் இதை நிரூபித்துவிட்டுத்தான் போயிருந்தார்கள்.

1935இல் பெரியார் ‘குடி அரசு’ இதழில் சீர்திருத்த எழுத்தைக் கொண்டுவந்தபோது, எழுத்து எண்ணிக்கை குறைந்தால் அச்சுக்கும் தட்டச்சுக்கும் எளிது என்பது அவருடைய காரணங்களில் ஒன்று. அரசு அதை ஏற்றது 1978இல். செலவுக் குறைப்புச் சுற்றறிக்கை ஒன்று மேசை விட்டு மேசை நகர 43 ஆண்டு ஆகும் என்பதற்கு இது போதிய சான்று.

3. திணைப் பகுப்பு

பிரிண்டர் வாங்கப் போகிறவர் கடைக்காரர் சொல்லும் மாடல் எண்களில் மயங்காமல் திணை அறிந்து வாங்குதல் நலம்.

லேசர், குறிஞ்சி. உரிப்பொருள் புணர்தல். டோனர் என்னும் பொடியை ஏறத்தாழ 200 டிகிரி வெப்பத்தில் காகிதத்தோடு உருக்கிச் சேர்க்கிறது. பிறகு தண்ணீர் பட்டாலும் பிரியாது. அந்தச் சூட்டுக்காகச் சட்டென்று மின்சாரத்தை இழுக்கும் என்பதால் சிறிய யூபிஎஸ்ஸில் மாட்டக்கூடாது. மாட்டினால் பிரிண்டரோடு கணினியும் அணையும்.

கார்ட்ரிட்ஜ் இங்க்ஜெட், பாலை. பயன்படுத்தாமல் சில வாரம் விட்டால் முனை வறண்டுவிடும். வறட்சி நீக்க ‘ஹெட் கிளீனிங்’ கொடுத்தால், விலை கொடுத்து வாங்கிய மை ஒரு பக்கமும் அச்சாகாமல் அடியில் உள்ள பஞ்சுக்குப் போகும். பொருள்வயிற் பிரிவு என்பது இங்கே நேர்ப்பொருளிலேயே நடக்கிறது: பொருள் பிரிந்து போகிறது.

டாட் மேட்ரிக்ஸ், நெய்தல். இரங்கல் இதன் உரிப்பொருள். அடுத்த தெரு வரை கேட்கும். ஆனால் ஊசி காகிதத்தைக் குத்துவதால் கார்பன் வைத்து ஒரே அடியில் மூன்று பிரதி எடுக்கும். லேசரால் அது ஆகாது. ரிப்பனும் மலிவு. லாரி ஆபீஸிலும் பில் போடும் மேசையிலும் இது இன்னும் ஓய்வு பெறாததற்குக் காரணம் பழைமைப் பற்று அன்று, கணக்கு.

இங்க் டாங்க், மருதம். நீர்வளம் நிறைந்தது. பாட்டிலில் வாங்கி ஊற்றிக்கொள்ளலாம். எப்சன் 2010இல் இதை இந்தோனேசியாவில் முதலில் இறக்கியது. அங்கே கடைக்காரர்கள் பிரிண்டருக்கு வெளியே மைப் புட்டியும் குழாயும் தாங்களே மாட்டி விற்றுக்கொண்டிருந்தார்கள். கம்பெனி அவர்கள் வழிக்கு வந்தது. உரிப்பொருள் ஊடல்: மஞ்சள் தொட்டியில் நீலத்தை ஊற்றியது யார் என்பது குறித்து.

எல்லா மேசைக்கும் பொதுவாகக் கூடத்தில் நிற்கும் பெரிய மல்டிஃபங்ஷன் இயந்திரம், முல்லை. இருத்தல், அதாவது காத்திருத்தல். முன்னால் இருப்பவர் 80 பக்கம் கொடுத்திருப்பார்.

4. வடை அலகு

கார்ட்ரிட்ஜ் பெட்டியில் ‘1,500 பக்கம் வரும்’ என்று போட்டிருக்கும். எந்தப் பக்கம்? ஐஎஸ்ஓ/ஐஇசி 19752 என்ற தர அளவை சோதனைக்கென்றே ஒரு பக்கத்தை வைத்திருக்கிறது. அதில் மை படும் இடம் ஏறத்தாழ 5 சதவீதம். ஏ4 தாள் 210க்கு 297 மில்லிமீட்டர். அதில் 5 சதவீதம் சுமார் 31 சதுர சென்டிமீட்டர். எழுத்தையெல்லாம் வழித்துத் திரட்டி வட்டமாகத் தட்டினால் குறுக்களவு ஆறேகால் சென்டிமீட்டர் வரும். தமிழில் இதற்குப் பெயர் ஆமவடை.

எனவே இக்கட்டுரை ‘வடை’யை அலகாக முன்மொழிகிறது. சாதாரணக் கடிதம் ஒரு வடை. கம்பெனி முத்திரை, அடர்ந்த தலைப்புப் பட்டை, கோபுரப் படம் எல்லாம் சேர்ந்தால் நான்கு வடை. பக்கம் முழுக்கக் கறுப்பில் புடவைப் படம் என்றால் இருபது வடை. 1,500 பக்கம் என்று நம்பி வாங்கியவருக்கு 1,500 வடைதான் விற்கப்பட்டது. அதிலும் புதுப் பிரிண்டரோடு வரும் கார்ட்ரிட்ஜ் பெரும்பாலும் அரைகுறையாக நிரப்பியது.

கணக்குக்காக ஒரு பட்டு மொத்த வியாபார அலுவலகத்தை ஓரிக்கையில் கற்பனை செய்துகொள்வோம். மாதம் 1,000 பக்கம். முதலாளி 4,000 ரூபாய்க்கு ஒரு பிரிண்டர் வாங்குகிறார். 160 பக்கம் வரும் கார்ட்ரிட்ஜ் 800 ரூபாய். பக்கத்துக்கு 5 ரூபாய். எதிர் வீட்டுக்காரர் 14,000 ரூபாய்க்கு டாங்க் வாங்குகிறார்; 4,000 பக்கம் வரும் மை 400 ரூபாய். பக்கத்துக்கு 10 பைசா. முன்னவருக்கு மாத மைச் செலவு 5,000, பின்னவருக்கு 100. கூடுதலாகப் போட்ட பத்தாயிரம் ஏறக்குறைய இரண்டு மாதத்தில் திரும்பிவிடும். மாதம் 20 பக்கம் மட்டும் எடுப்பவருக்கு இதே கணக்கு தலைகீழாகும். அவர் எதையும் வாங்காமல் ஜெராக்ஸ் கடைக்கு நடப்பதே உத்தமம்.

“விலை கம்மியா இருக்கேன்னு வாங்கினேன்மா” என்கிறார் நம் கற்பனை முதலாளி.

“மாடு இலவசம், புல்லு மட்டும் நம்மகிட்டதான் வாங்கணும்னு சொன்னா வாங்குவீங்களா, சார்?” என்கிறார் கணக்கு எழுதும் அக்கா.

5. தறிக் கணக்கு

இந்த உரையாடல் காஞ்சியில் நடப்பதுதான் வேடிக்கை. இங்கே நெசவாளருக்குப் பாவும் ஊடைப் பட்டும் சரிகையும் எடை போட்டே கொடுக்கப்படுகின்றன. புடவை வந்ததும் மீண்டும் தராசு. கொடுத்தது எவ்வளவு, வந்தது எவ்வளவு, சேதாரம் எவ்வளவு என்று கிராம் சுத்தமாகப் பார்ப்பார்கள். சரிகையில் வெள்ளியும் தங்கமும் இருப்பதால் யாரும் இதைக் கருமித்தனம் என்று சொல்வதில்லை.

அதே முதலாளியின் அலுவலகத்தில் காகிதக் கட்டு திறந்தே கிடக்கிறது. 80 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒன்று ஏறக்குறைய 5 கிராம். 500 தாள் கட்டு இரண்டரைக் கிலோ. இதில் ஒன்றைக்கூட யாரும் தராசில் வைத்ததில்லை. அந்தத் தாளும் சும்மா வந்ததன்று. 1979இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம், கரூர் பக்கம் காகிதபுரத்தில் கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்கிறது. நம் பேப்பர் ஜாமில் சிக்கிக் கசங்குவது யாரோ ஒருவர் குடித்த காப்பியின் சர்க்கரைக்குச் சகோதரன்.

நிறச் செலவுக்கும் தறியிலேயே விடை இருக்கிறது. காஞ்சிப் பட்டில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். இரண்டையும் தனித்தனி நாடா ஓட்டி இணைப்பது கோர்வை. அலுவலகக் கடிதத்திலும் நிறம் தேவைப்படுவது கரைக்கு, அதாவது தலைப்புக்கு மட்டும். அதை மொத்தமாக ஆஃப்செட்டில் அடித்து வைத்துக்கொண்டு, உடலைக் கறுப்பு லேசரில் ஓட்டினால் பக்கத்துக்குப் பக்கம் நிற மை போகாது. இதற்குக் ‘கோர்வை அச்சு’ என்று பெயர் சூட்டலாம்.

இன்னும் ஆழ்ந்து பார்த்தால் ஜக்கார்டு பூட்டிய தறியே ஒரு பிரிண்டர். ஓட்டையிட்ட ஓர் அட்டைக்கு ஓர் ஊடை. வரி வரியாக அன்னமும் யாளியும் வந்துகொண்டிருக்கும். இழை அறுந்தால் நெசவாளர் விரலாலேயே முடிந்துவிட்டு மேலே போவார். சர்வீஸ் ஆள் திங்கட்கிழமை வருவார் என்று தறியில் எழுதி ஒட்டுவதில்லை.

6. சிப் அதிகாரம்

டோனர் தீர்ந்தால் ரீஃபில் கடைக்காரர் பொடியை நிரப்பி, டிரம்மைத் துடைத்து, பாதி விலைக்கும் குறைவாகத் தந்துவிடுவார். கம்பெனிகளுக்கு இது பிடிக்காது. கார்ட்ரிட்ஜில் ஒரு சிப் வைத்தார்கள். 2016 செப்டம்பர் 13 அன்று, ஹெச்பியின் சில இங்க்ஜெட்டுகள் உலகெங்கும் ஒரே நாளில் பிற நிறுவனக் கார்ட்ரிட்ஜ்களை ஏற்க மறுத்தன. எதிர்ப்பு கிளம்பி, நிறுவனம் வருத்தம் தெரிவித்து, அதை நீக்கும் மென்பொருளைக் கொடுத்தது. 2017 மே மாதம் லெக்ஸ்மார்க் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கார்ட்ரிட்ஜை விற்றுவிட்ட பின் அதன்மேல் காப்புரிமையைக் காட்டி வாங்கியவரைக் கட்டுப்படுத்த முடியாது என்று தீர்ப்பளித்தது. சிப் மட்டும் இன்னும் இருக்கிறது. ஆகவே வாங்கும் முன் கேட்கவேண்டிய முதற்கேள்வி வேகம் பற்றியதன்று, “இது ரீஃபில் ஆகுமா?” என்பதே. ஆகாமல் செத்த கார்ட்ரிட்ஜ் இந்திய விதிகளின்படி மின்கழிவு. குப்பைத் தொட்டிக்குப் போகக்கூடாது.

7. துணிபு

பிரிண்டரை எவ்வளவு பார்த்து வாங்கினாலும், தட்டில் அநாதையாகக் கிடக்கும் தாள்களுக்கு அது பொறுப்பன்று. அவற்றின் பெற்றோர் மூவகையர். பிழை பார்ப்பதற்காகவே பிரிண்ட் எடுப்போர் ஒரு வகை. வரவில்லை என்று நினைத்து மூன்று முறை அழுத்திவிட்டு, பிறகு மூன்றும் வருவதைப் பார்த்துத் திகைப்போர் இரண்டாம் வகை. பிள்ளையின் ஸ்கூல் புராஜெக்ட்டைக் கலரில் கொடுத்துவிட்டு, முதலாளி அந்தப் பக்கம் போகும்போது எடுக்க அஞ்சுவோர் மூன்றாம் வகை.

காகிதத்தையே ஒழித்துவிடலாம் என்பாரும் உளர். 2021 ஆகஸ்ட் 13 அன்று தமிழ்நாட்டு நிதிநிலை அறிக்கையே காகிதமின்றிக் கணினித் திரையில் வாசிக்கப்பட்டது. ஆனால் புடவைப் பார்சலோடு போகும் பில்லும், பேங்க் மேனேஜர் கையெழுத்துக்குக் கேட்கும் தாளும் இன்னும் அந்த அவைக்குள் நுழையவில்லை.

மூவகையாருக்கும் மருந்து ஒன்றே. கொடுத்த பிரிண்ட் உடனே வெளியே வராமல் இயந்திரத்திலேயே தங்கட்டும். கொடுத்தவர் நேரில் வந்து தம் எண்ணை அழுத்தினால் மட்டும் வரட்டும். ஒரு நாளுக்குள் யாரும் வராவிட்டால் தானே அழியட்டும். பெரிய இயந்திரங்களில் இந்த வசதி ஏற்கெனவே இருக்கிறது. யாரும் திறந்து பார்ப்பதில்லை. ஆங்கிலத்தில் இதற்கு நீளமான பெயர்கள் உண்டு. தமிழில் ஓர் ஊரே அந்தப் பெயரில் இருக்கிறது.

இக்கட்டுரையும் அம்முறைப்படியே கூடத்து முல்லைக்கு அனுப்பப்பட்டு ஓரிரவு இருந்தது. காலையில் இயந்திரத்தின் முன் போய் நின்ற ஆய்வாளருக்கு, நான்காம் பகுதியில் வடையின் குறுக்களவை இட்லி அளவுக்குக் கணக்கிட்டிருந்தது நினைவுக்கு வந்தது. அழித்தார், திருத்தினார், மீண்டும் கொடுத்தார். இரண்டு பக்கமும் அச்சாகி வந்தது. முன்பக்கம் நேராகவும் பின்பக்கம் தலைகீழாகவும் இருந்தது. இயந்திரம் சொன்ன வண்ணம்தான் செய்திருக்கிறது. தாளைக் குறுகிய விளிம்பில் திருப்பச் சொன்னது யார் என்று கணக்கு அக்கா விசாரித்துக்கொண்டிருக்கிறார்.