பம்பு நிரபராதி

அனுப்புநர்:
தங்கள் மோட்டார்ஹோமில் தூங்க முயலும் குடும்பத்தலைவர்,
வாஷிங்டன் மாநிலம், அமெரிக்கா.

பெறுநர்:
உயர்திரு தரக்கட்டுப்பாட்டு மேலாளர் அவர்கள்,
மோட்டார்ஹோம் ஆலை,
எல்க்கார்ட், இந்தியானா.

பொருள்: தண்ணீர் பம்பு – நள்ளிரவு இரைச்சல் – பம்பின் மீதான பழியை நீக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: "இது இயல்பான இயக்க ஒலியே" எனத் தங்கள் வாடிக்கையாளர் சேவைப் பிரிவு அனுப்பிய மின்னஞ்சல்.

ஐயா,

வணக்கம். ஆலையின் பெயரை மேலே எழுதாமல் விட்டதைப் பொறுத்தருள வேண்டும். ஆர்வி எனும் வீட்டு வண்டிகளின் உலகத் தலைநகரம் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் ஊர் தங்களுடையது. அங்கே ஒரே ஓர் ஆலையின் பெயரை எழுதினால், "எங்கள் வண்டி மட்டும் சத்தத்தில் குறைந்ததா?" என்று மற்றவர்கள் கோபித்துக்கொள்ளக்கூடும்.

பார்வையில் கண்ட மின்னஞ்சல் கிடைத்தது. பம்பு வெளியாரிடம் வாங்கிப் பொருத்தியது, அதன் சத்தத்துக்கு ஆலை பொறுப்பல்ல, சத்தம் இயல்பானது, பம்பைத் திறந்தால் உத்தரவாதம் செல்லாது. நான்கே வரியில் நான்கு தீர்ப்பு. நம்மூர் நீதிமன்றங்களில்கூட இவ்வளவு வேகம் பார்த்ததில்லை. ஆனால் குற்றவாளியைத்தான் மாற்றிப் பிடித்துவிட்டீர்கள். அதனால்தான் இந்த மேல்முறையீடு.

அதற்கு முன் நன்றி சொல்லிவிடுகிறேன். தங்கள் வண்டியில் ஏறிய நாளிலிருந்து எங்கள் குடும்பத்தில் ஒளிவுமறைவு ஒழிந்துவிட்டது. இரவில் கழிவறைக்குப் போனது யார், தண்ணீர் விடும் பெடலை எவ்வளவு நேரம் மிதித்தார், திரும்பும்போது கை கழுவினாரா இல்லையா என்பது எல்லாருக்கும் படுத்தபடியே தெரிந்துவிடுகிறது. கை கழுவாமல் வந்து போர்வைக்குள் புகும் பழக்கத்தை என் மகன் விட்டுவிட்டான். பள்ளிக்கூடத்தால் முடியாததைப் பம்பு சாதித்தது. ஊரிலிருந்து வந்திருந்த மாமியார் கோயம்புத்தூர்க்காரர். பம்புக்குப் பேர்போன ஊர். முதல் இரவே எழுந்து உட்கார்ந்து, "ஏனுங்க மாப்ள, இந்நேரத்துக்கு ஆரு மோட்டார் போட்டது? டேங்கு நெறஞ்சு வழியப்போகுது, போயி நிறுத்துங்க" என்றார். பக்கத்துக் கட்டிலில் பேத்தி தண்ணீர் குடித்தாள், அவ்வளவுதான் என்று சொன்னால் அவர் நம்பவில்லை.

கதவோரம் ஒட்டியிருக்கும் முத்திரையையும் படித்தேன். என்எஃப்பிஏ 1192 என்ற தரநிலைப்படி வண்டி கட்டப்பட்டிருக்கிறதாம். தீ, எரிவாயு, குழாய் வேலை எல்லாம் அதில் அடக்கம். உண்மைதான். நாங்கள் தீயில் வேகவில்லை, எரிவாயுவில் மயங்கவில்லை. முழு நினைவோடு விழித்துக்கொண்டிருக்கிறோம்.

இனி வழக்கு. குற்றம்சாட்டப்பட்ட பம்பு 12 வோல்ட்டில் ஓடுவது, இரண்டு கைக்குள் அடங்குவது. மோட்டார் சுற்றச் சுற்ற, உள்ளே இருக்கும் டயாஃப்ரம் அறைகள் ஒன்றன்பின் ஒன்றாக அமுங்கி, நிமிடத்துக்குச் சுமார் 11 லிட்டர் வரை தண்ணீரைத் தள்ளும். குழாயைத் திறந்தால் அழுத்தம் இறங்கும். பிரஷர் சுவிட்ச் பம்பை எழுப்பும். குழாயை மூடினால் அழுத்தம் 55 பிஎஸ்ஐ வாக்கில் ஏறியதும் தானே நின்றுவிடும். ஓவர்டைம் கேட்காத இந்த ஊழியரை ஒருமுறை கையில் தூக்கிப் பிடித்து ஓடவிட்டுப் பாருங்கள். ஒரு முணுமுணுப்பு கேட்கும். அதே பம்பைத் தங்கள் மெல்லிய பிளைவுட் தரையில் வைத்துத் திருகிவிட்டால் கட்டில், அலமாரி, அலமாரிக்குள் தட்டு, தட்டின் மேல் கரண்டி என்று வண்டி மொத்தமும் கூடவே அதிரும். முணுமுணுப்பை முழக்கமாக்கிய பெருமை பம்பை எப்படிச் சேரும்? அது தங்களுடையது. அதைத் தட்டிப் பறிக்க எனக்கு மனமில்லை.

பம்பின் அடியில் நான்கு ரப்பர் கால்கள் இருக்கின்றன. அதிர்வைத் தரைக்கு விடாமல் விழுங்கிக்கொள்வது ஒன்றுதான் அவற்றின் வேலை. ரப்பர் நசுங்கும்படி திருகை இறுக்காதீர்கள் என்று பம்போடு வரும் தாளிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். எங்கள் வண்டியில் அந்த ரப்பர் தட்டையாகித் தரையோடு தரையாகக் கிடந்தது. டிரில்லைப் பிடித்திருந்த தம்பியை நான் குறை சொல்லவில்லை. தாளைப் படிக்க அவருக்கு நேரம் கொடுத்திருக்க மாட்டீர்கள்.

அதே தாளில், பம்பின் இரு பக்கமும் குறைந்தது 18 அங்குலத்துக்கு வளையக்கூடிய ஹோஸ் போடச் சொல்லியிருக்கிறது. தாங்கள் போட்டிருப்பது விறைப்பான பெக்ஸ் குழாய். பம்பின் வாயிலேயே நேராக மாட்டியது. தண்ணீரை அமுக்கிச் சுருக்க முடியாது. ஆகவே பம்பின் ஒவ்வோர் உந்தலும் குறையாமல் குழாய் நெடுக ஓடுகிறது. அந்தக் குழாய் பலகைச் சுவர்களைத் துளைத்துக்கொண்டு போகிறது. துளை ஒவ்வொன்றும் குழாயைவிடச் சற்றே பெரிது. மரத்தில் தட்டிக்கொண்டே இருக்க அந்த இடைவெளி போதும். பிடித்து நிறுத்த ஒரு கிளிப்? தேடினேன், கிடைக்கவில்லை.

இந்த இரைச்சலோடு நாங்கள் போய் நின்ற இடத்தையும் சொல்கிறேன். எங்கள் மாநிலத்து ஒலிம்பிக் தேசியப் பூங்காவில் ஹோ மழைக்காடு இருக்கிறது. 2005ஆம் ஆண்டு பூமி தினத்தன்று கார்டன் ஹெம்ப்டன் என்ற ஒலிப்பதிவாளர், மனித இரைச்சல் அண்டாத இடம் என்பதற்கு அடையாளமாக, அங்கே பாசி படர்ந்த மரத்துண்டின் மேல் ஒரு சிறிய சிவப்புக் கல்லை வைத்தார். ஒரு சதுர அங்குலத்தை மௌனமாகக் காத்தால் சுற்றிலும் பல மைலுக்கு அமைதி பரவும் என்பது அவர் கணக்கு. பார்வையாளர் மையத்திலிருந்து ஏறத்தாழ மூன்று மைல் நடந்தால் அந்த இடம் வரும். அந்தக் காட்டின் முகாமில்தான் தங்கள் வண்டியை நிறுத்தினோம். அங்கே வண்டிக்கு மின் இணைப்பும் கிடையாது, தண்ணீர் இணைப்பும் கிடையாது. தொட்டித் தண்ணீரும் தங்கள் பம்புமே கதி. தேசியப் பூங்கா விதிப்படி முகாமில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வரம்பு மீறிச் சத்தம் போடக் கூடாது. இயந்திரம் என்றால் 50 அடி தூரத்தில் 60 டெசிபலைத் தாண்டக் கூடாது. நம் பம்பு எந்த விதியையும் மீறவில்லை என்பதைப் பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறேன். காட்டில் இருக்கும் ரூஸ்வெல்ட் எல்க் மான்கள் நிம்மதியாகத் தூங்கியிருக்கும். சட்டம் அவற்றைக் காக்கிறது. ஒரு டெசிபலும் வெளியே சிந்தாமல் உள்ளே இருந்தவர்களுக்கே பங்கிட்டுக் கொடுத்துவிட்டீர்கள்.

இன்னொரு நுட்பத்தையும் பாராட்ட வேண்டும். தொட்டி சிறியது, தண்ணீரைச் சிக்கனமாகச் செலவிடுங்கள் என்று தங்கள் கையேடு சொல்கிறது. சரியென்று பல் துலக்கும்போது குழாயைச் சன்னமாகத் திறந்தோம். சன்னமாகத் திறந்தால் பம்பு ஓடும், உடனே அழுத்தம் நிறையும், நிற்கும், அழுத்தம் இறங்கும், மறுபடி ஓடும். டர்... நிறுத்தம்... டர்... நிறுத்தம். குழாயைத் தாராளமாகத் திறந்துவிட்டால் சீரான ஒரே ஓட்டம். சிக்கனக்காரனை ஊரறியத் தண்டித்து ஊதாரிக்குத் தாலாட்டுப் பாடும் இந்த ஏற்பாட்டை யோசித்தவருக்குப் பதவி உயர்வு கொடுத்துவிட்டீர்களா? (யாருமே குழாயைத் தொடாத நேரத்தில் பம்பு ஒரு கணம் உறுமி அடங்கினால் எங்கோ தண்ணீர் கசிகிறது, அல்லது பம்பின் வால்வு பின்னுக்கு விடுகிறது என்று பொருள். அந்த எச்சரிக்கையை மட்டும் நான் கிண்டல் செய்யவில்லை. அது உண்மையிலேயே உதவும்.)

தங்கள் உத்தரவாத நிபந்தனைக்குக் கட்டுப்பட்டுப் பம்பை நான் திறக்கவில்லை. தரையோடு அதைப் பிணைத்திருந்த விலங்கை மட்டும் அவிழ்த்தேன். அடியில் கெட்டியான ரப்பர் பாய் ஒன்றை விரித்து, புதுத் திருகுகளைக் கால்கள் நிமிர்ந்து நிற்கும் அளவுக்கு மட்டும் முடுக்கினேன். இரு பக்கமும் வளையும் ஹோஸ் போட்டேன். குழாய் சுவரைத் தாண்டும் இடங்களில் நுரைப்பஞ்சு சுற்றி, கிளிப் அடித்தேன். பம்பைத் தாண்டியதும் சொம்பளவு அக்யூமுலேட்டர் ஒன்று. அதன் ஒரு பாதியில் காற்று, மறுபாதியில் தண்ணீர், நடுவே ரப்பர்த் திரை. பம்பு விழித்துக்கொள்ளும் அழுத்தத்துக்கு ஏறக்குறைய காற்றை நிரப்பி வைத்தால், கை நனைக்கும் அளவுக்குத் தண்ணீரைப் பம்பை எழுப்பாமல் அதுவே கொடுத்துவிடுகிறது. எல்லாம் பக்கத்து ஹார்ட்வேர் கடையிலும் ஆர்வி கடையிலும் கிடைத்த சாமான். வண்டியின் விலையோடு ஒப்பிட்டால் செலவைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது; தங்களுக்காகத்தான் கூச்சம்.

பம்பு இப்போது முணுமுணுக்க மட்டும் செய்கிறது. சத்தம் அறவே போய்விடவில்லை, போகவும் போகாது. ஆனால் மாமியார் எழுந்து உட்காருவதில்லை. மறுநாள் காலையில், "தண்ணி வருது, மோட்டார் சத்தத்தையே காணமே, ரிப்பேருங்களா?" என்று கேட்டதோடு சரி.

இத்தனை சுலபமான வேலையை ஆலையிலேயே ஏன் செய்யவில்லை என்று கேட்கும் அளவுக்கு நான் அப்பாவி அல்ல. ஷோரூமில் வண்டியைப் பார்க்கப் போனபோது தொட்டி காலியாக இருந்தது. விற்பவர் ஒளிவிளக்குகளைக் காட்டினார், சாய்வு நாற்காலியைக் காட்டினார், நிழற்கூரை விரிவதைக் காட்டினார். பம்பு வாயே திறக்கவில்லை. கண்ணுக்குத் தெரியும் இடத்துக்கெல்லாம் காசைக் கொட்டி, கட்டிலுக்கு அடியில் இரண்டு துண்டு ஹோஸை மிச்சம் பிடித்தீர்கள். ஆலைக்கு மிச்சமான சில நிமிடங்களை வண்டி வாங்கியவர்கள் சனிக்கிழமைதோறும் முட்டி போட்டுத் திருப்பிக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆகவே தாங்கள் கருணைகூர்ந்து பார்வையில் கண்ட தீர்ப்பை ரத்து செய்து, பம்பு நிரபராதி என்று எழுத்து மூலம் அறிவிக்க வேண்டுகிறேன். தரையையும் குழாயையும் பழையபடியே தொடர்ந்து கட்டுவதாக இருந்தால் விற்பனைக் கையேட்டில் "குடும்பத்தினரின் நள்ளிரவு நடமாட்ட அறிவிப்பு வசதி" என்று ஒரு வரி சேர்த்துத் தனிக் கட்டணம் வாங்கிக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் விவரமறிந்தாவது வாங்குவார். இரண்டுக்கும் மனமில்லையென்றால், அடுத்து வெளிவரும் வண்டியில் தொட்டியை நிரப்பித் தாங்களே குடும்பத்தோடு ஓர் இரவு படுத்துப் பாருங்கள். படுக்கும் முன் ஆளுக்கு இரண்டு பெரிய கிளாஸ் ஐஸ் டீ குடித்தாக வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாடிக்கையாளர்.

இணைப்பு: மேற்படி தரையிலிருந்து கழற்றிய திருகுகள் – 4. கம்பெனிச் சொத்து என்பதால் திருப்பி அனுப்பப்படுகின்றன.