முகாமுக்கு அனுப்பு மருமகனே, தாராளமா அனுப்பு

பேரனைக் கோடை லீவுல விஞ்ஞான முகாமுல சேத்துவிட்டதா போன்ல சொன்னே. கேக்கவே குளுகுளுன்னு இருந்துச்சு மருமகனே. நாலே நாள்ல ரோபோ செஞ்சுட்டானாமே! நான் நாலு மாசமா இந்தத் தொழுவத்துக் கதவு தொங்குறதையே பாத்துக்கிட்டுக் கெடக்கேன்.

முகாம் முடிஞ்சு ஊருக்கு வந்தவன் ரோபோவையும் கொண்டாந்தான். வெள்ளைத் தாள்ல கறுப்புக் கோடு போட்டா அதைப் பிடிச்சே ஓடுற வண்டி. அடியில ஒரு கண்ணு. நமக்குத் தெரியாத வெளிச்சத்தைக் கீழே அடிக்குமாம். வெள்ளை திருப்பி அனுப்பும், கறுப்பு முழுங்கிடும். அதை வச்சு வழி கண்டுக்குமாம். கெட்டிக்கார வண்டிதான். வீட்டுக்குள்ள ஓடுச்சு, திண்ணைக்கு வந்ததும் முழிச்சுக்கிட்டு நின்னுடுச்சு. ஏன்யான்னேன். "சாரைக் கேக்கணும் தாத்தா"ன்னான்.

துண்டை விரிச்சு நிழல் பிடிச்சேன். ஓடுச்சு. வெயிலுக்குள்ளயும் அதே தெரியாத வெளிச்சம் கொட்டிக் கெடக்குல்ல, கண்ணு கூசிப்போச்சு. சார் மேல குத்தமில்ல. நாலு நாளும் ஏசி ரூமுல பாடம் நடத்துனவருக்கு வெயில் எங்கேருந்து வரும்?

ரோபோ சாமானெல்லாம் ஓட்டை போட்டே வந்துச்சாம், புரோகிராமும் ஏத்தியே வந்துச்சாம், இவன் நாலு திருகாணி முடுக்குனானாம். ஆக்கி வச்ச சோத்துல மோர் ஊத்துனவன் சமையக்காரன்னா, நம்ம பய விஞ்ஞானிதான்.

அடுத்த வருசமும் அனுப்பு. ஆனா எழுதி வாங்கிக்கோ: பிள்ளை கையில அழுக்குப் படக்கூடாது, எதுவும் உடையக்கூடாது, ஒரு தடவைகூடத் தப்பாப் போகக்கூடாது. கடைசி நாள் போட்டோவுல வெள்ளைக் கோட்டு கட்டாயம். நம்ம சர்க்கார் பள்ளிக்கூடத்துல வானவில் மன்றம்னு 2022 நவம்பர்ல ஆரம்பிச்சாங்க. ஆறாப்புலேருந்து எட்டாப்பு வரைக்கும் பிள்ளைக இருக்கிற இடத்துக்கே சாமானத்தைக் கொண்டுபோய்ச் சோதனை செய்ய விடுறாங்க. அது வேண்டாம்யா உனக்கு. காசு வாங்க மாட்டாங்க, உனக்குத் தூக்கம் வராது.

கான்பூர் ஐஐடியில படிச்ச அரவிந்த் குப்தான்னு ஒருத்தர் இருக்காரு. மத்தியப் பிரதேசத்துல ஹோசங்காபாத் பக்கம் கிராமப் பள்ளிக்கூடங்கள்ல 1972-லயே செய்முறை விஞ்ஞானம் தொடங்கியிருந்தாங்க. அங்க போய் இவரு கையில எடுத்தது என்னங்கிறே? தீக்குச்சியும், சைக்கிள் வால்வுக்குப் போடுற பொடி ரப்பர் டியூப்பும். 2018-ல பத்மஸ்ரீயே குடுத்தாங்க. தீப்பெட்டி ஆபீசு இருக்கிற கோவில்பட்டிப் பக்கத்துல இருந்துக்கிட்டு நாம குச்சியை அடுப்புக்கு மட்டும் வச்சிருக்கோம்.

பயகிட்ட டியூப்பைத் துண்டு நறுக்கிக் குடுத்தேன். நாலு குச்சியைச் சேத்து சதுரம் பண்ணான்; அமுக்குனா சாயுது. மூணைச் சேத்தான், எவ்வளவு அமுக்குனாலும் அசையல. கொஞ்ச நேரம் அதையே பாத்தான், பெறகு தொழுவத்துக் கதவைப் பாத்தான். "தாத்தா, மூலைக்கு மூலை குறுக்க ஒரு சட்டம் அடிங்க"ன்னான். அடிச்சோம். இப்ப நேரா நிக்கு. தாத்தனுக்கு இது தெரியாதுன்னு நெனைச்சுக்கிட்டான். நெனைச்சுக்கிடட்டும்.

நீ சின்னப் பயலா இருக்கையில டிரங்குப் பெட்டியில பிலிம் துண்டு சேத்து வச்சிருந்தியே, ஞாபகம் இருக்கா? எடுத்துக் குடுத்தேன். பீஸ் போன குண்டு பல்பு ஒண்ணைத் தலைப்பைத் தட்டிக் காலி பண்ணி நானே குடுத்தேன், கண்ணாடி சமாச்சாரம். தண்ணி ஊத்துனான். வாசல்ல முகம் பாக்குற கண்ணாடியைச் சாச்சு வச்சு வெயிலை ரூமுக்குள்ள திருப்புனான். முன்னால பிலிம், அதுக்குப் பின்னால பல்பு, எதிர்ச் சுவத்துல என் வேட்டி. படம் விழுந்துச்சு, ஆனா கதாநாயகன் தலைகீழா நிக்கான்! இந்தத் தடவ சாரைக் கேக்கணும்னு சொல்லல. பல்பை முன்ன தள்ளுனான், பின்ன இழுத்தான், உருவம் பெருசாச்சு, மங்கலாச்சு, நிமிரல. அரைமணி கழிச்சு பிலிமைத் தலைகீழாப் பிடிச்சான் பாரு, அப்பப் போட்ட சத்தத்துல கெடேரி கயித்தை அத்துக்கிட்டு ஓடுச்சு.

அந்நேரம்தான் நீ போன் போட்டே. எடுக்கலன்னு கோவப்படாதே, ரூமை இருட்டாக்குற வேலையில இருந்தோம். சன்னல் ஓட்டை ஒண்ணு அடைபடாம வெளிச்சம் வந்துக்கிட்டே இருந்துச்சு. முகாமுல குடுத்த சர்டிபிகேட்டு அதுக்குச் சரியாப் பொருந்துச்சுய்யா. நல்ல கெட்டி அட்டை.