சேலம் வழியாக டோக்கியோ

ஜப்பானிய மொழித் தகுதித் தேர்வான ஜேஎல்பிடி நடக்கும் இந்திய ஊர்களின் பட்டியலில் டெல்லி, மும்பை, கொல்கத்தாவோடு நம்ம சேலமும் இருக்கிறது. மாம்பழ ஊருக்கு எப்படி இந்த யோகம் என்று வியப்பவர்கள் தேர்வின் லட்சணத்தை அறியாதவர்கள். என்5 முதல் என்1 வரை ஐந்து நிலைகள். எதிலும் வாய் திறந்து ஒரு வார்த்தை பேச வேண்டாம், ஒரு வரி எழுதவும் வேண்டாம். கொடுத்த விடைகளில் ஒன்றைப் பார்த்து வட்டத்தைக் கறுப்பாக்கினால் போதும். நாமக்கல் ஹாஸ்டல் பள்ளிகளை மனதில் வைத்தே ஜப்பான்காரர் வடிவமைத்திருப்பார் போல.

ப்ளஸ் டூவில் பிரெஞ்சு எடுத்தால் மார்க் அள்ளலாம் என்று தமிழைக் கைகழுவிய பெற்றோர் நிறைந்த வட்டாரம் இது. 247 எழுத்து பாரம் என்றவர்கள், அன்றாடப் புழக்கத்துக்கே 2,136 கான்ஜி எழுத்துகளை வகுத்து வைத்திருக்கும் நாட்டுக்குப் பிள்ளைகளை அனுப்பத் துடிக்கிறார்கள். காரணம் இருக்கிறது. 2021 ஜனவரியில் இரு நாடுகளும் செய்துகொண்ட ஒப்பந்தம் ஜப்பானில் முதியோர் பராமரிப்பு உள்ளிட்ட வேலைகளுக்குக் கதவு திறந்தது. அங்கே கிழவர்கள் அதிகம், கவனிக்க ஆளில்லை.

ராசிபுரம் பக்கத்து அப்பா ஒருவரிடம் கேட்டேன்: “பையன் ஜப்பான் போயிட்டா, வூட்ல ஆத்தாவ யாருங்க பாக்கறது?”

“ஒடிசாப் புள்ள ஒண்ணு வருதுங்க. நல்லாத் தமிழ் பேசுது. கிளாஸுக்கெல்லாம் போவலீங்க.”