கலெக்டர் கட்டிய வினை

மனைவிக்காக மாளிகை கட்டியவர்களால் மற்ற கணவன்மார்களுக்கு நேர்ந்த சேதாரத்தை எந்தச் சரித்திர ஆசிரியரும் எழுதி வைக்கவில்லை. ஷாஜகானையாவது சமாளித்துவிடலாம். ஆக்ரா தூரம், 'லீவு கிடைக்கட்டும்' என்றே காலத்தை ஓட்டலாம். ஓசூர்க்காரனுக்கு அந்த வழியும் இல்லை. பிரெட் என்ற வெள்ளைக்காரக் கலெக்டர் ஊருக்குள்ளேயே ஒன்றைக் கட்டித் தொலைத்துவிட்டார்.

19ஆம் நூற்றாண்டுச் சமாச்சாரம். ஓசூர் அப்போது சேலம் ஜில்லாவில் இருந்தது. இங்கிலாந்தின் கெனில்வொர்த் கோட்டை மாதிரியே இங்கே ஒன்று எழுப்பினார். மனசுக்குப் பிடித்தவளுக்காகக் கட்டினாராம் என்பது ஊர்க்கதை. ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். என் மனைவி சொல்லும் விதத்தில் கலெக்டர் உத்தமர், நான் கஞ்சன்.

சிப்காட்டில் நைட் ஷிப்ட் முடித்து வந்தவனைத் தூங்கவிடாமல் வண்டியை எடுக்கவைத்தாள். போய்ப் பார்த்தால் புதரும் இடிந்த சுவரும்தான்.

"எப்படிக் கட்டியிருக்கார் பாருங்க!" என்றாள். விழுந்ததுதான் என் கண்ணுக்குத் தெரிந்தது. "நம்ம பால்கனிக்கு ஒரு கம்பி அடிக்க எத்தனை தீபாவளி ஆகும்?"

வீட்டுக் கடனில் பாதிகூடத் தீராதவனுக்குச் சரித்திரம்தானே துணை? படித்து வைத்திருந்ததை எடுத்துவிட்டேன். அசல் கெனில்வொர்த்தின் சொந்தக்காரர் ராபர்ட் டட்லி. எலிசபெத் ராணியின் மனசைப் பிடிக்கக் கோட்டைக்குப் பணத்தை வாரி இறைத்தார். 1575இல் ராணி வந்து 19 நாள் தங்கினார். விருந்து, வாணவேடிக்கை எல்லாம் நடந்தது. எல்லாம் முடிந்ததும் கிளம்பிப் போய்விட்டார். டட்லியை மட்டுமல்ல, கடைசிவரை யாரையுமே கட்டிக்கொள்ளவில்லை. உள்நாட்டுப் போருக்குப் பிறகு 1649இல் அந்தக் கோட்டையையும் பாதி இடித்துப் போட்டார்கள். வால்டர் ஸ்காட் 1821இல் நாவல் எழுதி அதற்கு உலகப் புகழ் தேடித் தந்தபோதே அது பாழடைந்த கோட்டைதான்.

"ஆக, உன் கலெக்டர் காப்பியடித்தது கல்யாணம் கைகூடாத வீட்டை. அதுவும் இடிந்த வீட்டை. ஓசூர்க் கோட்டை இப்போதுதான் அசலைப் போல ஆகியிருக்கிறது!"

வாதம் கச்சிதம் என்று நானே மெச்சிக்கொண்டேன்.

"19 நாளா விருந்து வெச்சார்? எங்க அண்ணன் வந்தா ரெண்டாம் நாளே பஸ் டைம் சொல்றீங்களே" என்றாள்.

திரும்பும் வழியில் பூக்கடை. இந்தச் சுற்றுவட்டாரத்துப் பசுமைக்குடில் ரோஜாக்கள் காதலர் தினத்துக்கு விமானம் ஏறிப் போகின்றன. நான் வாங்கியதாக ஞாபகம் இல்லை. சிவப்பு ரகம் ஒன்றுக்குப் பேரே தாஜ்மஹால். கட்டு விலையைக் கேட்டுவிட்டு, கௌரவம் குறையாத குரலில், "ஒத்தைப் பூ தருவீங்களா?" என்றேன்.

காம்பைக் கிள்ளிக் கூந்தலில் வைத்துக்கொண்டாள்.

"தாஜ்மஹாலை மும்தாஜே பார்த்ததில்லை, தெரியுமா? உனக்குக் கொடுத்து வைத்திருக்கிறது" என்றேன்.

"அவ புண்ணியவதிங்க. பார்க்காமலே போய்ச் சேர்ந்துட்டா."