உலகம் அழியட்டும், முட்டைகோஸ் பறிப்போம்!

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ‘ஸ்கைரிம்’ கேம் பற்றியவை. அரசியல் கேள்வி அனுப்பியவர்கள் பொறுத்துக்கொள்ளவும். உங்கள் கேள்விகள் கெட்டுப்போகாது; அடுத்த இதழிலும் நிலைமை அப்படியேதான் இருக்கும்.

கே: ஸ்கைரிம் வந்து எத்தனையோ வருஷமாகிறது. இப்போது போய் ஆரம்பிப்பது ஆறிப்போன காபியைக் குடிப்பதுபோல் இல்லையா?

ப: ஆற விட்டால்தானே? 2011 நவம்பர் 11-ல் இறக்கினார்கள். 2016-ல் மெருகேற்றி ஒரு பதிப்பு, 2017-ல் நின்டெண்டோ ஸ்விட்சுக்கு ஒன்று, 2021-ல் பத்தாம் ஆண்டுப் பதிப்பு என்று தயாரித்த பெதஸ்டா நிறுவனம் சுடவைத்துச் சுடவைத்துக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. 6 கோடிப் பிரதிகள் தாண்டிவிட்டதாக இயக்குநர் டாட் ஹோவர்டு 2023-ல் சொன்னார். பிந்தி வருகிறவருக்கு ஒரு லாபம்: அன்று புது கம்ப்யூட்டர் கேட்ட முதல் பதிப்பு, இன்று பழைய லேப்டாப்பில் ஓடும்.

கே: முதல் காட்சியிலேயே கையைக் கட்டி, கட்டைவண்டியில் ஏற்றி, தலையை வெட்டக் கூட்டிப்போகிறார்களே! நான் செய்த குற்றம்தான் என்ன?

ப: எல்லையைத் தாண்டும்போது தப்பான ஆட்களோடு மாட்டிக்கொண்டீர்கள். உடன் வருபவர்களில் ஒருவன் குதிரைத் திருடன். வாயில் துணி கட்டியிருப்பவர் கலகத் தலைவர் உல்ஃப்ரிக். கோடரி இறங்கும் நேரத்தில் டிராகன் வந்து காப்பாற்றும். நன்றி சொல்ல நிற்க வேண்டாம்.

அந்த வண்டிக்கே ஒரு கதை உண்டு. இந்த கேமில் வேலை செய்த நேட் பர்க்கிபைல் 2021-ல் சொன்னது. வண்டி தண்டவாளத்தில் ஓடுவதுபோல் நகர்வதில்லை. சக்கரம், எடை, குலுக்கல் எல்லாம் கணக்குப் போட்டுத்தான் ஓடுகிறது. கேம் தயாராகிக்கொண்டிருந்தபோது சில தடவை மட்டும் அது திடீரென்று உதறி, ராக்கெட் மாதிரி வானத்தில் போயிருக்கிறது. பாதையில் கல்லும் இல்லை, கட்டையும் இல்லை. கடைசியில் பிடிபட்ட குற்றவாளி, ஒரு தேனீ! தேனீயைக் கையால் பிடிக்க முடியவில்லை என்று ஒரு கோளாறு இருந்தது. அதைச் சரிசெய்ததில், தேனீ மற்ற பொருள்கள்மீது மோதவும் ஆரம்பித்தது. ஆனால் தேனீ தன் வழியை விட்டு இம்மியும் நகராது. அப்புறம் வண்டிதானே நகர வேண்டும்?

கே: ஒரு மணி நேரமாக என் வீரனின் மூக்கைச் செதுக்கிக்கொண்டிருக்கிறேன். திருப்தியில்லை.

ப: இன்னும் கொஞ்ச நேரத்தில் தலைக்கவசம் மாட்டப் போகிறீர்கள். மூக்கை விடுங்கள்.

கே: சரி, மூக்கை விட்டேன். பத்து இனங்களில் எதை எடுப்பது? தப்பாக எடுத்தால் மாற்ற முடியாதாமே?

ப: மாற்ற முடியாது, ஆனால் தப்பு என்றும் எதுவுமில்லை. பிரெட்டனுக்கு மந்திரத் தாக்குதலில் 25 சதவீதம் உறைக்காது. பூனை முகக் கஜீட்டுக்கு இருட்டில் கண் தெரியும். இதெல்லாம் ஆரம்பச் சலுகை, அவ்வளவே. மொத்தம் 18 திறமைகள். யாரும் எதையும் கற்கலாம். எதைச் செய்கிறீர்களோ அது வளரும். வாள் வீசினால் வாள்வித்தை ஏறும், பதுங்கினால் பதுங்கல் ஏறும். அடி வாங்கினால்கூட வீணில்லை, போட்டிருக்கும் கவசத்தின் திறமை ஏறுகிறது. அந்த வகையில் நம்மில் பலர் மிக வேகமாக முன்னேறுவோம்.

கே: டிராகன் தாக்கும்போது கலகக்காரன் ராலோஃப் ஒரு பக்கம், பேரரசு வீரன் ஹாட்வர் ஒரு பக்கம் கூப்பிடுகிறார்கள். யாரோடு போனால் நல்லது? பின்னால் கட்சி மாற முடியுமா?

ப: இதை ஒன்றும் உறுப்பினர் அட்டை என்று நினைக்க வேண்டாம். யாரோடு ஓடினாலும் வந்து சேர்வது ரிவர்வுட் கிராமம்தான். ராலோஃபுக்கு அங்கே அக்கா மரமறுக்கும் ஆலை வைத்திருக்கிறார். ஹாட்வருக்கு மாமா கொல்லர். இரண்டு வீட்டிலும் உபசரிப்பு உண்டு. வழியில் மூன்று நடுகற்கள் நிற்கும். வீரன், மந்திரவாதி, திருடன் என்று. உங்களுக்குப் பிடித்த தொழிலின் கல்லைத் தொட்டால் அந்த வகைத் திறமைகள் 20 சதவீதம் வேகமாக வளரும். மனசு மாறினால் திரும்பி வந்து வேறு கல்லைத் தொடலாம். போர் யாருக்காக என்பதெல்லாம் ரொம்பப் பின்னால்.

கே: கண்ணில் பட்ட வாளி, தட்டு, எலும்பு, துடைப்பம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டேன். இப்போது என் ஆள் ஓடவே மாட்டேன் என்கிறான்.

ப: அவனுக்காவது புத்தி இருக்கிறதே! ஆரம்பத்தில் தூக்கக்கூடிய எடை 300. அதைத் தாண்டினால் நடைதான். வரைபடத்தைத் தொட்டு ஊர் போகும் வசதியும் போய்விடும். ஒவ்வொரு பொருளுக்கும் எடையும் விலையும் பக்கத்திலேயே எழுதியிருக்கும். ஒரு எடைக்குப் பத்துக் காசாவது தேறாததைத் தொடாதீர்கள். நகை, ரத்தினம், மருந்துக் குப்பி: சரி. இரும்புக் கவசம்: அதை மாட்டியிருந்தவனிடமே இருக்கட்டும். லெவல் ஏறும்போது ஸ்டாமினாவைக் கூட்டினால் தடவைக்கு 5 எடை கூடும்; ஆனால் ஆரம்பத்தில் உயிர்ப்பட்டையைக் கூட்டுவதே புத்திசாலித்தனம். பிணத்தால் 305 எடை தூக்கி என்ன பயன்?

இன்னொன்று: ஊரில் இருக்கும் பீப்பாயில் பொருளை ஒளித்துவைக்காதீர்கள். பல பீப்பாய்கள் கொஞ்ச நாளில் பழையபடி நிரம்பிக்கொள்ளும். உங்கள் சொத்து அதோடு போய்விடும்.

கே: வாளியால் ஒரு பயனும் இல்லை என்கிறீர்களா?

ப: ஒன்று உண்டு. கடைக்காரர் தலையில் கவிழ்த்துவிட்டால் அவர் கண்ணுக்கு எதுவும் தெரியாது. கடையையே காலி செய்யலாம். ‘இது யார் வாளி’ என்றுகூடக் கேட்க மாட்டார். ஆனால் திருட்டுப் பொருளைச் சாதாரணக் கடையில் வாங்க மாட்டார்கள். வாளிக்கு அடியில் தெரியாதது, கல்லாவில் எப்படியோ தெரிந்துவிடுகிறது.

கே: ரிவர்வுட்டில் தவறிப்போய் ஒரு கோழிமேல் அம்பு விட்டேன். ஊரே திரண்டு என்னைக் கொன்றுவிட்டது. டிராகனுக்குக்கூட இவ்வளவு ஆவேசம் காட்டவில்லையே?

ப: டிராகன் யார் வீட்டுச் சொத்து? கோழிக்கு உரிமையாளர் இருக்கிறார். அங்கே அது குற்றம், பார்த்தவர்கள் கை சும்மா இருக்காது. அடுத்த தடவை ஆயுதத்தை உறையில் போட்டுவிடுங்கள். சரணடைந்ததாக எடுத்துக்கொண்டு சில சமயம் விட்டுவிடுவார்கள்.

கே: டிராகன் வந்துவிட்டது, உடனே போய் வைட்ரன் அரசரிடம் சொல் என்று விரட்டுகிறார்கள். எனக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது?

ப: ஆயுசு முழுக்க. ஸ்கைரிமில் சூரியன் உதிக்கும், மறையும், கடை திறக்கும், மூடும். ஆனால் முக்கியக் கதைக்குக் கெடு கிடையாது. நீங்கள் ஆறு மாதம் கழித்து வியர்வை வழிய ஓடிப்போய் நின்றாலும், அரசர் அப்போதுதான் முதன்முதலாகக் கேட்பவர் மாதிரி பதறுவார். வெளியூர் போன மாப்பிள்ளைகளுக்குக்கூட இந்தச் சலுகை கிடையாது.

புதிதாக ஆடுகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடிய உருப்படியான யோசனை இதுதான்: தாமதம் செய்யுங்கள். காரணமும் இருக்கிறது. வைட்ரனுக்கு மேற்கே காவல் கோபுரத்தில் ஒரு டிராகனைக் கொல்ல அனுப்புவார்கள். அந்தக் காட்சி முடிகிற வரையில் மற்ற டிராகன்கள் ஆகாயத்தில் தலைகாட்டாது. முடிந்த பிறகு எங்கே வேண்டுமானாலும் வந்து இறங்கும். ஊருக்குள் இறங்கினால், உங்களிடம் சரக்கு வாங்கும் வியாபாரியே பலியாகலாம். எனவே கோபுரத்துக்குப் போகாத வரை நாடு அமைதியாக இருக்கும். பதிலுக்கு, டிராகனின் ஆன்மாவை உறிஞ்சி, தொண்டையாலேயே ஆளைத் தூக்கியெறியும் ‘கூச்சல்’ வித்தையைத் தள்ளிப்போட வேண்டியிருக்கும். கூட நடக்கும் மெய்க்காவலாளி லிடியாவும் அதன் பிறகுதான்.

அதுவரை என்ன செய்வது? வைட்ரனுக்கு வெளியே பெலாஜியா பண்ணை இருக்கிறது. முட்டைகோஸ், உருளைக்கிழங்கு, கோதுமை எது பறித்துக் கொடுத்தாலும் பண்ணைக்காரர் காசு தருவார். ரிவர்வுட் ஆலையில் விறகு பிளந்தாலும் அப்படியே. உலகைக் காக்கப் பிறந்தவர் முதலில் கூலி வேலைக்குப் போவதில் ஒரு நியாயம் இருக்கிறது. வாளுக்கு யார் காசு கொடுப்பார்கள்?

கோதுமை அத்தனையையும் விற்றுவிடாதீர்கள். வழியோரம் நீலப் பூ ஒன்று மண்டிக் கிடக்கும், நீல மலைப்பூ என்று பெயர். வைட்ரனில் ஆர்கேடியாவின் மருந்துக் கடையில் காய்ச்சும் மேசை இருக்கிறது. இந்தப் பூவையும் கோதுமையையும் அதில் சேர்த்தால், உயிரை மீட்கும் குணமும் உயிர்ப்பட்டையைச் சிறிது நேரம் நீட்டும் குணமும் சேர்ந்த குப்பி கிடைக்கும். பாதியைக் குடிக்க வைத்துக்கொள்ளுங்கள். மீதியை அங்கேயே விற்கலாம். எந்தச் செடி என்ன செய்யும் என்று தெரியாவிட்டால் வாயில் போட்டுப் பாருங்கள், முதல் குணம் தெரிந்துவிடும். (கேமில் மட்டும்! தோட்டத்தில் முயன்றுவிட்டு எனக்குக் கடிதம் போட வேண்டாம்.)

கே: ராட்சசன் ஒருவன் மேமத் மேய்த்துக்கொண்டிருந்தான். சாது மாதிரி தெரிந்தான். கிட்டப் போனேன்…

ப: …வானத்தில் மேகம் எப்படி இருந்தது? அந்தத் தடியடி வாங்கினால் உடல் நேராக விண்வெளிக்குப் போகும். உலகமெங்கும் ஆடுகிறவர்கள் அதை ‘ராட்சசர்களின் விண்வெளித் திட்டம்’ என்றே சொல்கிறார்கள். அவன் சண்டைக்காரன் அல்ல. தள்ளி நின்றால் எச்சரிப்பதோடு சரி. அந்த எச்சரிக்கையை வரவேற்பு என்று எடுத்துக்கொள்வதுதான் நம் ஆட்களின் வழக்கம்.

கே: பிளீக் ஃபால்ஸ் குகையில் தங்க நகம் வேண்டும் என்கிற கதவு. மூன்று வளையம், மூன்று மிருகம். நகம் கையில் இருக்கிறது, விடை தெரியவில்லை!

ப: கையில் இருப்பதே விடைதான். பையைத் திறந்து, நகத்தைத் திருப்பி, உள்ளங்கைப் பக்கத்தைப் பாருங்கள். மூன்று உருவம் வரிசையாகச் செதுக்கியிருக்கும். உள்ளங்கை நெல்லிக்கனி என்பது இதுதான். அதற்கு முன்னால் வருகிற சிலந்தியைப் பற்றிக் கேட்காமல் இருந்தீர்களே, துணிச்சல்காரர்.

கே: சண்டை நடுவில் சாகப்போகிறேன் என்று தெரிந்தால் என்ன செய்வது?

ப: பையைத் திறந்தால் கேம் அப்படியே நிற்கும். எதிரியின் கோடரி அந்தரத்தில் இருக்க, நீங்கள் பதற்றமில்லாமல் பாலாடைக்கட்டி, ஆப்பிள், ரொட்டி, முட்டைகோஸ் சூப் என்று விருந்து முடித்து, உயிரை ஏற்றிக்கொண்டு வெளியே வரலாம். கோடரிக்காரன் குறுக்கே பேச மாட்டான்.

கே: எப்படி ஆரம்பித்தாலும் கடைசியில் எல்லோரும் இருட்டில் பதுங்கி அம்பு விடுகிறவர்களாகவே ஆகிவிடுவார்களாமே?

ப: ஆமாம், அது தலையெழுத்து. பதுங்கி விட்ட அம்புக்கு இரட்டிப்பு அடி. தலையில் அம்பு தைத்த கொள்ளைக்காரன் கொஞ்ச நேரம் தேடிவிட்டு, காற்றாக இருக்கும் என்று திரும்பிப் போய்விடுவான். இவ்வளவு நல்லவர்களிடம் யார்தான் நேருக்கு நேர் மோதுவார்கள்? ஆகத்தான் போகிறீர்கள் என்றால் செலவில்லாமல் ஆகுங்கள். ரிவர்வுட்டில் ஃபேண்டால் என்கிற வேட்டைக்காரர் காதல் தொல்லையில் இருக்கிறார். போட்டிக்காரனுக்கு எதிராக அவருக்கு உதவினால் உங்களோடு கூட வருவார். காசு கொடுத்து அவரிடம் வில்வித்தை கற்றுக்கொள்ளுங்கள். பிறகு, துணைவர் என்ற உரிமையில் அவர் பையைத் திறந்து, கொடுத்த காசைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். லெவலுக்கு ஐந்து பாடம் வரை செல்லும். குருதட்சிணை குருவிடமே தங்க வேண்டும் என்று எந்த சாஸ்திரத்தில் இருக்கிறது?

கே: லிடியாவிடம் மூட்டையைக் கொடுத்தால் முறைக்கிற மாதிரி இருக்கிறதே?

ப: சுமப்பதாகச் சத்தியம் செய்திருக்கிறார், சந்தோஷமாகச் சுமப்பதாக இல்லை.

கே: என் பையனுக்குப் பதினொரு வயசு. ‘டிராகன் கேம்தாம்மா’ என்கிறான். வாங்கித் தரலாமா?

ப: அம்மா, டிராகன் மட்டும் என்றால் யோசிக்கலாம். அமெரிக்க மதிப்பீட்டில் 17 வயதுக்கு மேல், ஐரோப்பாவில் 18. ரத்தம் உண்டு, தலை துண்டாகும் காட்சி ஆரம்பத்திலேயே வருகிறது. கொஞ்ச வருஷம் போகட்டும். அதுவரை நீங்கள் ஆடலாமே!

கே: எனக்கு 66 வயது. பேரன் சிரிக்கிறான். இதெல்லாம் எனக்கு ஒத்துவருமா?

ப: ஷெர்லி கர்ரி என்று அமெரிக்கப் பாட்டி ஒருவர், பிறந்தது 1936. 2015-லிருந்து யூடியூபில் தான் ஸ்கைரிம் ஆடுவதைப் பதிவுசெய்து போட்டவர். பார்க்கிறவர்கள் எல்லோரும் அவருக்குப் பேரப்பிள்ளைகள். நிதானமாக நடப்பார், பேசிக்கொண்டே போவார். ஸ்கைரிம் இடம்பெற்ற எல்டர் ஸ்க்ரோல்ஸ் வரிசையின் அடுத்த கேமில் அவரை ஒரு பாத்திரமாகவே வைக்கப்போவதாக 2019-ல் பெதஸ்டா அறிவித்தது. பேரனிடம் இதைச் சொல்லுங்கள். அப்புறம் கஷ்டமாக இருந்தால் செட்டிங்கில் போய் ‘நாவிஸ்’ நிலைக்கு இறக்கிக்கொள்ளுங்கள். எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், பேரனுக்குத் தெரியாது.

கே: கேமில் கல்யாணம் பண்ணிக்கொள்ளலாமாம். என் மனைவி இதைப் படிக்க மாட்டாள் என்ற தைரியத்தில் கேட்கிறேன்.

ப: ரிஃப்டன் ஊரில் மாரா கோயிலில் ஒரு பதக்கம் வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, சம்மதமுள்ளவரிடம் பேச வேண்டும். ஜாதகம் கிடையாது, மறுநாளே முகூர்த்தம். துணை கடை வைத்து நாளொன்றுக்கு 100 காசு பங்கு தருவார், கேட்டால் சமைத்தும் கொடுப்பார். உங்கள் பெயரையும் ஊரையும் நான் எடுத்துவிட்டேன். கையெழுத்து உங்கள் மனைவிக்குத் தெரியுமே என்பதுதான் என் கவலை.

கே: 7000 படி ஏறி மலை உச்சிக்குப் போகச் சொல்கிறார்கள். நிஜமாகவே 7000 இருக்கிறதா?

ப: எண்ணுவதற்குள் பனி ராட்சசப் பிராணி ஒன்று குறுக்கே வரும், ட்ரோல் என்பார்கள். வாளை நம்பாதீர்கள். அதற்கு நெருப்பு ஆகாது. ஆரம்பத்திலிருந்தே உங்கள் கையில் இருக்கிற தீச்சுவாலை மந்திரத்தைப் பிடித்துக்கொண்டு பின்வாங்கிக்கொண்டே சுடுங்கள். கிளம்புவதற்கு முன் அடிவாரத்தில் ஐவர்ஸ்டெட்டில் கிளிம்மக் என்பவரைப் பாருங்கள். மேலே இருக்கும் துறவிகளுக்கு ஒரு மூட்டை கொடுத்துவிடுவார், கொண்டுசேர்த்தால் காசு. எப்படியும் ஏறத்தானே போகிறீர்கள்? ஆங், ட்ரோலுக்கு முன்னால் தனியாக ஒரு சேவ் போட்டுவிடுங்கள். F5 விரைவு சேவ் ஒன்றையே நம்பினால், அது பழையதை அழித்துக்கொண்டே போகும். சாகிற நொடியில் அழுத்தினீர்கள் என்றால் அந்த நொடிக்குத்தான் திரும்பத் திரும்பப் போய் நிற்பீர்கள்.