வாய்ப்புண்ணுக்கு ஒரு பஞ்சாயத்தா?

ஏலே பேராண்டி, என்னலே மூஞ்சி இப்படித் தொங்குது? கீழுதட்டுக்கு உள்ள பொடிசா ஒரு புண்ணு. அதுக்குப் போயி செல்போன் வெளிச்சத்துல வாயப் பொளந்து படம் புடிச்சு, ஊரெல்லாம் அனுப்புத. உனக்குப் பொண்ணு பாத்தப்பக் கூட போட்டோவ இத்தன பேரு பாக்கலயே!

மேசையில மருந்துக்கடையே பரப்பி வச்சிருக்க. எது எதுக்குன்னாவது தெரியுமா? இங்ஙன உக்காரு.

இது லிக்னோகெய்ன் ஜெல். சாப்பாட்டுக்கு முன்ன தொட்டு வச்சா அந்த இடம் மரத்துப் போகும், எரிச்சல் தெரியாது. புண்ணு ஆறுமா? ஆறாது. கொஞ்ச நேரம் மறந்திருக்கலாம், அம்புட்டுதான். வாய் மரத்துக் கெடக்கும்போது கொதிக்கக் கொதிக்கக் காப்பிய ஊத்திராத. ஒண்ணு ரெண்டாயிரும்.

அடுத்தது டிரையம்சினலோன். பேரச் சொல்லி முடிக்கதுக்குள்ள பாதிப் புண்ணு ஆறிரும் போல! 0.1 சதவீத ஸ்டீராய்டு பசை. வீக்கத்தையும் வலியையும் தணிக்கும், நல்ல மருந்துதான். ராத்திரி படுக்கப் போகும்போது துளி எடுத்துப் புண்ணு மேல ஒத்தி விடணும். நீ என்ன செய்யுத? பொங்கலுக்குச் சுவத்துக்கு வெள்ளையடிக்க மாதிரி இழுத்துப் பூசுத. தேய்ச்சா மணல் மணலா உதிரும். பொறவு மருந்து எங்க நிக்கும்?

இது கோலின் சாலிசிலேட். வலியக் கொறைக்கும். ஆனா ஆஸ்பிரின் வம்சம். 16 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைகளுக்கு ஆகாது. அக்கா மவன் அழுதான்னு அவன் வாயில தடவித் தொலைக்காத.

இந்தக் கொப்பளிக்கிற தண்ணி குளோர்ஹெக்சிடின். கிருமியக் கட்டும். நாள் கணக்கா விடாம கொப்பளிச்சா பல்லு பழுப்பேறும். வெத்தல போடாமலே வெத்தலப் பல்லு, காசு குடுத்து வாங்கிக்கிடு!

ரகசியம் ஒண்ணு சொல்லட்டா? இந்தப் பொடிப் புண்ணு பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு வாரத்துல தானா ஆறிரும். கடைசியா எதத் தடவுனியோ, அதுக்குப் பேரு கிடைக்கும். உங்க ஆச்சி மட்டும் லேசுப்பட்டவளா? ஆறப்போற அன்னைக்குப் பாத்து மணத்தக்காளிக் கீரை கடைஞ்சு போடுவா. மறுநாள் தெருவெல்லாம் அவ வைத்தியப் பெருமதான். கீரை நல்லதுதாம்லே, திம்போம். பேர மட்டும் பாத்துக் குடுப்போம்.

செய்ய வேண்டியது என்ன? வெதுவெதுப்பான தண்ணியில அரை ஸ்பூன் உப்பப் போட்டுக் கொப்பளி. ஊறுகாய், முறுக்கு, காரச்சேவ நாலு நாள் பாக்காத மாதிரி இரு. முடியுமா உன்னால? புண்ணு இருக்க வாய்க்கு மொளகா பஜ்ஜியும் கேக்கு, மருந்தும் கேக்கு! மென்மையான பிரஷ் வாங்கு. அடிக்கடி வருதுன்னா பசைய மாத்தி மாத்தித் தேடாத. ரத்தத்துல இரும்பு, பி12, ஃபோலிக் அமிலம் கொறைஞ்சிருக்கான்னு பாரு. கூரான பல்லு குத்துதான்னும் பாரு.

இம்புட்டுப் பஞ்சாயத்தும் வலிக்கிற புண்ணுக்கு. உங்க சித்தப்பன் கன்னத்துக்குள்ள ஒரு புண்ணு கெடக்கே, அதக் கேட்டியா? போயிலைய ஒதுக்கிற அதே பக்கம். மாசம் ஒண்ணு தாண்டியாச்சு. "வலிக்கவே இல்ல, அண்ணாச்சி"ன்னு எல்லாத்துக்கிட்டயும் பெருமையாச் சொல்லுதான். மூணு வாரம் தாண்டியும் ஆறாத புண்ணு வலிக்கலன்னா சந்தோசப்படவாலே செய்வாக? புத்துநோய் ஆரம்பத்துல சத்தமே போடாது. அதுக்கு எந்தப் பசையும் தடவி நாளக் கடத்தப்படாது.

நாளைக்குக் காலையில அவனப் பெரியாஸ்பத்திரி பல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ. வரமாட்டேம்பான், இழுத்துட்டுப் போ. போன இடத்துல உன் உதட்டப் பிதுக்கிக் காட்டிராதலே. அந்த மனுசனுக்கு ஆயிரம் சோலி கெடக்கும்.